மூன்று கோட்டு நீலம்

அந்த லாரி யார்டில் பொழுது இருமிக்கொண்டேதான் விடியும். குளிரில் விறைத்துக் கிடந்த வண்டிகள் ஒவ்வொன்றாகத் தொண்டையைச் செருமி, புகையைக் கக்கி, உடம்பை உலுக்கிக்கொண்டு எழும். நீல லாரி மட்டும் எழாது. அதை எழுப்ப எட்டுப் பேர் வேண்டும். எட்டுப் பேரும் பின்னால் நின்று தோள் கொடுக்க, உள்ளே உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை கியரைப் போட்டுக் கிளட்சை விட, வண்டி ஒரு விக்கு விக்கி, தள்ளியவர்களின் முகத்திலேயே கரும்புகையை ஊதிவிட்டுக் கிளம்பும். தள்ளுவண்டி என்று அதற்குப் பேர். நன்றிகெட்ட தள்ளுவண்டி என்பது முழுப்பேர்.

“பி.எஸ்ஸி, நாளைக்கு டீ மட்டும் பத்தாது,” என்றார் ஹார்ன்காரர், கையைத் தட்டிவிட்டுக்கொண்டே. “சோப்பும் சேர்த்து வாங்கி வச்சிடு.”

ஹார்ன்காரரின் வண்டியில் ஏழு ஹார்ன் இருந்தது. ஏழும் ஏழு விதமாகக் கத்தும். வண்டி முழுக்கப் பளபளப்பு, கண்ட இடமெல்லாம் விளக்கு. அவர் வாயையும் சேர்த்தால் ஹார்ன் எட்டு என்று யார்டில் சொல்வார்கள்.

பி.எஸ்ஸி என்பது மாப்பிள்ளைக்கு யார்டில் வைத்த பேர். அவன் கல்லூரியில் இயற்பியல் படித்தவன். வீட்டில் அவன் மாப்பிள்ளை. எந்தப் பெண்ணால் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளை ஆனானோ அவள் போன குளிர்காலத்தின் முடிவில் இறந்துவிட்டாள். அவன் அங்கேயே இருந்துவிட்டான். மாமனாருக்கு முழங்கால் போய்விட்டதால் அவருடைய லாரியை ஓட்டினான். சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பிட்டான். கேலி செய்தால் கேட்டுக்கொண்டான். எருமை மேல் மழை பெய்த மாதிரி எல்லாம் அவன்மேல் பெய்து வழிந்து போனது.

அன்றைக்குப் பெய்தது மட்டும் கொஞ்சம் உள்ளே இறங்கியது.

மலைக்கு அப்பால் ஓர் ஊர் இருந்தது. குளிர்காலம் முழுக்கப் பனி அதன் பாதையை மூடிவிடும். பனி விலகியதும் முதல் சரக்கு வரிசை கிளம்பும். மாவு, மருந்து, பள்ளிக்கூடத்துப் புத்தகம், விதை என்று எல்லாம் ஏற்றிக்கொண்டு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போகும். அந்த வரிசையில் யார் எத்தனையாவது என்பது தகப்பன் காலத்திலிருந்து வருவது. மாமாவின் நீல லாரிதான் தலைவண்டி. ஹார்ன்காரர் இரண்டாவது. ஒரு வருஷம் வராமல் போனால் இடம் காத்திருக்கும். அடுத்தடுத்து இரண்டு வருஷம் வராத வண்டிக்கு வரிசையில் இடம் கிடையாது. அதன்பின் தவம் கிடந்தாலும் கிடையாது.

போன வருஷம் வரிசை கிளம்பிய காலையில் நீல லாரி வீட்டு வாசலில் நின்றது. வீட்டுக்குள் சாவு.

கேப்டன் மாமாவிடம் வந்தார். எப்போதோ யார்டின் கால்பந்து அணிக்குக் கேப்டனாக இருந்தவர். பந்து போய்விட்டது, பேர் நின்றுவிட்டது. இப்போது வரிசையை நடத்துவது அவர்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உச்சியில கேட் இருக்கு. அங்க எஞ்சினை அணைச்சுட்டு பிரேக் செக் பண்ணிதான் விடுவாங்க, உங்களுக்குத் தெரியாததா? அங்க போய் இந்த வண்டி படுத்துக்கிச்சுன்னா? தள்ள எடம் ஏது? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். பின்னால முப்பது வண்டி நிக்கும்.”

“போன தடவையே வரல. இந்தத் தடவையும் வரலன்னா…” என்று இழுத்தார் மாமா.

“அதான் சொல்றேன். வண்டி தானா எழுந்திருக்கணும். காலையில, குளிர்ல, ஒருத்தர் கை படாம. ஞாயித்துக்கிழமை நான் வந்து பாக்கறேன்.”

ஹார்ன்காரர் அங்கேயே நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். “பெரியவரே, மகளும் போயிட்டா, முழங்காலும் போயிடுச்சு. தலைவண்டியை இறக்கி வச்சுட்டு நிம்மதியா உக்காருங்களேன். மாப்பிள்ளையையும் அவங்க ஊருக்கு அனுப்பிடலாம். அவருக்கும் இனிமே இங்க என்ன இருக்கு?”

மாமா பதில் சொல்லவில்லை. வாய்க்கு வாய் கொடுப்பவர் அவர். சொல்லாததுதான் மாப்பிள்ளையைச் சுட்டது.

வீட்டில் மாமா ஒரே வார்த்தையில் முடித்தார். “பேட்டரிதான். புதுசு போட்டுடலாம்.”

“போடுங்க, போடுங்க,” என்றாள் அத்தை அடுப்படியிலிருந்து. “போன வருஷம் ஒரு ஜோடி, இந்த வருஷம் ஒரு ஜோடி. ஸ்டார்ட்டர் மோட்டாரும் மாத்தியாச்சு. பின்கட்டுல பழைய பேட்டரிக்கு நடுவுலதான் துணி காயப் போடறேன். இன்னும் ரெண்டு வந்தா நாமதான் வாடகைக்கு வேற வீடு பாக்கணும்.”

“பின்ன என்னடி பண்ணச் சொல்றே? மந்திரிக்கவா?”

“நான் பாக்கறேன்,” என்றான் மாப்பிள்ளை.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வருஷமாக அவன் “சரி”, “போதும்” என்ற இரண்டு சொல்லிலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தான்.

“பாருங்க மாப்ளே,” என்றார் மாமா மெதுவாக.

மறுநாள் மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போனான். சாவியைத் திருப்ப ஒரு ஆள் வேண்டும். மாமாவால் ஏற முடியாது. அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். “திருப்புங்கன்னா திருப்பறேன், விடுங்கன்னா விடறேன். இதுக்கு எதுக்கு பி.எஸ்ஸி?”

“திருப்புங்க அத்தை.”

வண்டி “ஊ… ஊ…” என்று இழுத்தது. பாரம் தூக்கும் கிழவன் முனகுவது போல. பேட்டரிகள் இரண்டும் சேர்ந்து இருபத்துநாலு வோல்ட். சாவியைத் திருப்பும்போதும் இருபத்திரண்டுக்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி நல்ல பிள்ளை. ஆனால் எஞ்சினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரில் பார்த்தால் பதினாலு. நடுவில் எட்டு வோல்ட்டைக் காணோம்.

பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் சிவப்புக் கேபிளைக் கையால் தொட்டான். சுட்டது. மீட்டரின் ஒரு முள்ளைக் கேபிளின் இந்த முனையிலும் இன்னொன்றை அந்த முனையிலும் வைத்தான். நாலு வோல்ட் அதிலேயே செத்துக்கொண்டிருந்தது. முனையில் இருந்த கவ்வியைக் கழற்றினான். கவ்வி தளர்ந்துவிட்டது என்று யாரோ தகர டப்பாவை வெட்டி நடுவில் சொருகியிருந்தார்கள்.

“அது நான்தான்,” என்றார் மாமா கீழே நின்று. “நல்லா டைட்டா இருக்கட்டும்னு.”

கேபிளின் உறையைக் கத்தியால் கீறிப் பிளந்தான். செம்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பொடி கொட்டியது. பத்துக் கம்பியில் மூன்று கம்பிதான் உயிரோடு இருந்தது.

“அய்யய்யோ,” என்றாள் அத்தை மேலே இருந்து எட்டிப் பார்த்து. “வெளியில பாத்தா எவ்ளோ திடமா இருந்துச்சு!”

திருடன் அகப்பட்டுவிட்டான் என்று மாப்பிள்ளை நினைத்தான். மீட்டரை மடித்துப் பையில் வைத்தான். எட்டு வோல்ட்டில் நாலுக்குத்தான் கணக்கு வந்திருக்கிறது என்பது அவனுக்குத் தோன்றவில்லை. திருடர்கள் இரண்டு பேர்.

அடுத்து வந்த நாட்களில் அவன் ஆளே வேறாக இருந்தான். கடையில் போய், பழையதைப்போல் இரண்டு பங்கு பருமனுள்ள செம்புக் கேபிள் வாங்கினான். முனைகளுக்கு, கடைக்காரர்கள் லக்கு என்று சொல்லும் செம்புக் காதுகள் வாங்கினான். பழைய கவ்விகளை வீசிவிட்டு, கனத்த பித்தளைக் கவ்விகள் வாங்கினான். கேபிள் போகும் வழியைக் கயிறு வைத்து அளந்தான். சூடான எஞ்சினைத் தொடாமல், கூர்மையான விளிம்பில் உரசாமல், ஆட்டத்துக்குக் கொஞ்சம் தளர்வு விட்டு வெட்டினான். லக்கைச் சுத்தியலால் அடித்து நசுக்குவதுதான் யார்டு வழக்கம். அவன் வெல்டிங் கடையிலிருந்து எண்ணெய் அழுத்தக் கருவியை இரவல் வாங்கி வந்து, ஒவ்வொரு லக்கையும் கேபிளும் அதுவும் ஒரே உலோகமாகிவிடும்படி அழுத்தினான். அதன்மேல், சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் கறுப்பு உறையைப் போட்டு, அத்தையின் சமையல் அடுப்பில் காட்டினான்.

“குழம்பு கொதிக்கற எடத்துல ஒயரைக் காட்டறாரு,” என்று அத்தை முணுமுணுத்தாள். ஆனால் நகர்ந்து இடம் கொடுத்தாள். அன்றைக்கு அவன் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அத்தை கேட்காமலே மூன்றாம் கரண்டியும் வைத்தாள்.

பேட்டரியின் முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைச் சமையல் சோடாவும் வெந்நீரும் விட்டுக் கழுவினான். அது நுரைத்துப் பொங்கிச் சீறியது. துடைத்து, காயவிட்டு, கவ்வியை மாட்டி, மேலே வாஸ்லின் தடவினான். எர்த் கேபிளும் புதுசு. பேட்டரியிலிருந்து வண்டியின் அடிச்சட்டமான சேஸிக்கு ஒன்று, எஞ்சினிலிருந்து சேஸிக்கு ஒன்று. பழையவை எந்த போல்ட்டில் இருந்தனவோ அதே போல்ட்டில் துணியால் துடைத்துவிட்டு இறுக்கினான்.

சிவப்பிலும் கறுப்பிலும் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம் கிடந்தது. தூக்கிப் போடப் போனான்.

“இவ்ளோ நல்ல கேபிளை யாராவது எறிவாங்களா?” அத்தை பிடுங்கிக்கொண்டாள். “இதுல ரெண்டு பக்கமும் கவ்வி வச்சுக் குடுங்க. எவனாவது நடுவழியில நின்னா குடுத்து உதவலாம்.”

“நம்ம வண்டியே நிக்குது. நீ ஊருக்கு உதவறியா?” என்றார் மாமா.

“வச்சுக் குடுங்க மாப்ளே. அவர் கெடக்கறாரு.”

வைத்துக் கொடுத்தான்.

சனிக்கிழமை மத்தியானம், நல்ல வெயிலில், அத்தை சாவியைத் திருப்பினாள். வண்டி கொஞ்சம் யோசித்தது. பிறகு எழுந்துவிட்டது. மாமா பக்கத்து வண்டியில் கைவைத்துத் தட்டினார். மாப்பிள்ளையும் ஏறக்குறையச் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை யார்டே கூடியிருந்தது. ஓசியில் வேடிக்கை என்றால் யார் வரமாட்டார்கள்? கண்ணாடிகளில் பனி உறைந்திருந்தது. கேப்டன் கழுத்துத் துணியை அவிழ்த்துக்கொண்டு, “திருப்புங்க” என்றார்.

மாப்பிள்ளை திருப்பினான். “ஊ… ஊ…” பழையதைவிடக் கொஞ்சம் வேகம். அவ்வளவுதான். இன்னொரு தடவை. “ஊ…” நின்றுவிட்டது.

ஹார்ன்காரர் தன் வண்டிக்குள் கையை விட்டு ஏழு ஹார்னையும் ஒருசேர அடித்தார். சிரிப்பு யார்டின் கோடி வரைக்கும் போய்த் திரும்பியது.

“பி.எஸ்ஸி, வண்டிக்கு பாடம் சரியா புரியல போலிருக்கு! இன்னொரு தடவை நடத்து!”

“அரைக்கிணறு தாண்டிட்டீங்க தம்பி,” என்றார் கேப்டன். அவர் கேலி செய்யவில்லை. அதனாலேயே அது வலித்தது. “நாளைக்குக் காலையில கிளம்பறோம். வந்து ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்புவேன். எடுக்கலன்னா சரக்கை வேற வண்டிக்கு மாத்திடுவேன். அதோட எடமும் போயிடும். என்னால ஆனது இவ்ளோதான்.”

கூட்டம் கலைந்தது. அத்தை பக்கத்தில் நிற்க, மாமா ஒரு கவிழ்த்த டிரம்மின்மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வண்டிக்கு அடியில் போனான். மல்லாந்து படுத்தான். மண் சில்லிட்டது. இந்த ஒரு வருஷத்தில் இப்படிப் படுத்துக் கூரையைப் பார்த்த காலைகள் நிறைய. வழக்கமாக மனசில் ஒன்றும் ஓடாது. இன்றைக்கு ஓடியது.

எட்டில் நாலு. மீதி நாலு எங்கே?

அவன் பார்த்ததெல்லாம் மின்சாரம் போகும் வழி. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர் வரைக்கும். போனது அங்கேயே தங்கிவிடுமா என்ன? எஞ்சின் வழியாக, சேஸி வழியாக, அது மறுபடி பேட்டரிக்கு வந்து சேர வேண்டும். முதல் வருஷத்துப் பாடம். வரும் வழியை அவன் பார்க்கவே இல்லை.

“அத்தை!” என்று கத்தினான். “ஏறுங்க!”

“இந்தா வந்துட்டேன்.”

மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் எர்த் முனையில் வைத்தான். மறு முள்ளால் சேஸியைக் கீறி அழுத்தினான். அத்தை திருப்பினாள். நாலு வோல்ட். மறு முள்ளை லக்கின் மேலேயே வைத்தான். ஒன்றுமில்லை. லக்குக்கும் அது உட்கார்ந்திருக்கும் இரும்புக்கும் நடுவில், ஒரு தாள் அளவு இடைவெளியில், நாலு வோல்ட் மாட்டிக்கொண்டு செத்தது.

போல்ட்டைக் கழற்றினான். லக்கை விலக்கினான். டார்ச் அடித்துப் பார்த்தான்.

நீலம்.

அழுக்கில்லாத, வெயில் படாத நீலம். நேற்றுத்தான் அடித்த மாதிரி. ஓரங்களில் மட்டும் துரு ஏறியிருந்தது.

அந்த நீலத்தை அவனுக்குத் தெரியும். இறப்பதற்கு முந்தைய கோடையில் அவள்தான் அடித்தாள். பெயின்டருக்குக் கொடுக்க வேண்டாம், அவன் மேலாக்கப் பூசிவிட்டுப் போய்விடுவான் என்று, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு தானே இறங்கினாள். ஒயர் இருந்தால் பிரஷ் போகாது என்று ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கெல்லாம் எதற்கு என்று இவன் கேட்டான். “துரு கண்ணுக்குத் தெரியற எடமா பாத்து வருமா?” என்றாள். மூன்று கோட்டு. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பூச்சு. காய்ந்ததும் எல்லா ஒயரையும் பெயின்ட்டின் மேலேயே வைத்து இறுக்கினாள். கொஞ்ச நாள் வாஷரின் பல் பெயின்ட்டைக் கடித்துக்கொண்டிருந்திருக்கும். பிறகு அந்தக் கடியிலும் துரு ஏறிவிட்டது. அந்தக் குளிர்காலத்தில்தான் வண்டி முனக ஆரம்பித்தது. அப்போது வீட்டில் யாருக்கும் வண்டியின் முனகல் காதில் விழவில்லை.

“மாப்ளே, என்ன?” மாமாவின் செருப்பு சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அவன் டார்ச்சை நீலத்தின் மேலிருந்து எடுக்காமலே கிடந்தான்.

“கெடைச்சுதா, இல்லியா?”

“கெடைச்சுது மாமா.”

“என்ன?”

“பெயின்ட்டு. எர்த்துக்கு அடியில பெயின்ட்டு இருக்கு. அதான் கரண்ட் திரும்பல.”

ஒரு முனகல் கேட்டது, வண்டியுடையது அல்ல. மாமா முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி, ஒருக்களித்து, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து அடியில் வந்துகொண்டிருந்தார்.

“மாமா, வேணாம். கால்…”

“கால் கெடக்கு. டார்ச்சைக் காட்டுங்க.”

காட்டினான். இரண்டு பேரும் மல்லாந்து படுத்து அந்த நீலத்தைப் பார்த்தார்கள். மாமா விரலை நீட்டி அதைத் தடவினார்.

“ஒரே கோட்டு இல்ல இது.”

“மூணு கோட்டு.”

மாமாவின் மார்பு குலுங்கியது. அழுகிறார் என்று மாப்பிள்ளை நினைத்தான். திரும்பிப் பார்த்தால் மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தமே இல்லாமல், கண்ணில் நீர் வழிய, வயிறு ஏறி இறங்கச் சிரித்தார்.

“அரைகுறையா ஒரு வேலை செஞ்சிருக்காளா என் பொண்ணு? பாருங்க மாப்ளே, பாருங்க. எதையும் விடல. ரெண்டு ஜோடி பேட்டரி வாங்க வச்சுட்டா என்னை!”

மாப்பிள்ளைக்கும் சிரிப்பு வந்தது. எங்கே இருந்தது இத்தனை நாளும் என்று தெரியாத சிரிப்பு. இரண்டு பேரும் லாரிக்கு அடியில் கிடந்து சிரிப்பதைப் பார்த்து அத்தை மேலே இருந்து பதறினாள்.

“அங்க என்ன நடக்குது? ரெண்டு பேருக்கும் ஷாக் அடிச்சிடுச்சா?”

சுரண்ட வேண்டும். மாப்பிள்ளை உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். மாமா அதை அவன் கையிலிருந்து வாங்கி, ஒரு தேய் தேய்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்தார். “லக்கு உக்கார்ற அளவுக்கு மட்டும் எடுங்க. மிச்சம் இருக்கட்டும்.”

ஒரு நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டம். நீலம் பொடியாக முகத்தில் உதிர்ந்தது. அதன் கீழே இரும்பு வெள்ளியாக மின்னியது. எஞ்சின் பக்கத்து எர்த்தையும் கழற்றிப் பார்த்தார்கள். அங்கேயும் மூன்று கோட்டு. அதையும் சுரண்டினார்கள். லக்கை வெறும் இரும்பில் பொருத்தி, புது வாஷர் போட்டு, மாப்பிள்ளை உடம்பின் எடை முழுவதையும் ஸ்பேனரில் கொடுத்து இறுக்கினான்.

இறுக்கிய பிறகு மேலே மூடவேண்டும். இல்லாவிட்டால் ஈரம் இறங்கித் துரு ஏறும். அவன் சொல்லி முடிப்பதற்குள் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு டப்பாவுடன் திரும்பி வந்தாள். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்த அதே நீலம். மேலே ஆடை கட்டியிருந்தது. குத்திக் கிளறினால் கீழே உயிரோடு இருந்தது.

“நானே அடிக்கறேன்,” என்றாள்.

“நீயும் அடியில வரப்போறியா?” என்றார் மாமா.

“ஏன், உங்க பாட்டன் சொத்தா அந்த எடம்? தள்ளிப் படுங்க.”

மறுநாள் காலை கேப்டன் வந்து, சாவியை வாங்கி, தானே ஏறி உட்கார்ந்தார். அன்றைக்குக் குளிர் ஞாயிற்றுக்கிழமையைவிட அதிகம். வாயைத் திறந்தால் புகை. ஹார்ன்காரர் ஏற்கெனவே தன் வண்டியைத் தலைவண்டியின் இடத்தில் நிறுத்தியிருந்தார். நீல லாரியைத் தள்ளுவதற்கென்று கையுறை மாட்டிக்கொண்டு எட்டுப் பேர் தயாராக நின்றார்கள்.

கேப்டன் திருப்பினார்.

“ஊ…” என்ற அந்தக் கிழட்டு முனகலை எதிர்பார்த்துக் காதுகள் நீண்டிருந்தன. அது வரவேயில்லை. டர்ரென்று ஒரு சுழற்சி, அவ்வளவுதான், எஞ்சின் பிடித்துக்கொண்டது. கேப்டன் சாவியைவிட்டுக் கையெடுக்கக்கூட நேரமில்லை. வண்டி நின்ற இடத்தில் நின்று உறுமியது. பின்னால் தள்ளத் தயாராக நின்ற எட்டுப் பேர்மேலும் ஒரே மூச்சில் கரும்புகையை ஊதியது. அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

கேப்டன் இறங்கினார். எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். “புது மோட்டாரா?”

“மோட்டாரும் பேட்டரியும் பழசுதான்,” என்றான் மாப்பிள்ளை. “வழிதான் புதுசு.”

“சரி, வாங்க. ஆனா நேத்து நடந்ததைப் பாத்துட்டேன், மனசு இன்னும் கேக்கல. இந்தத் தடவை கடைசியில வாங்க. எடம் போகல, அது உங்களுது. அடுத்த வருஷம் பேசிக்கலாம்.”

அது போதும் என்றார் மாமா. போதாது என்று அவர் முகம் சொன்னது.

வரிசை ஏறியது. மாமா பக்கத்து இருக்கையில். அத்தை கட்டிக் கொடுத்த சாப்பாட்டு மூட்டை நடுவில். இருக்கைக்கு அடியில் மிச்சக் கேபிள் சுருண்டு கிடந்தது. அத்தைதான் வைத்துவிட்டிருந்தாள். வளைவுக்கு வளைவு, ஏழு ஹார்ன் மேலே எங்கோ கத்தி, பாறைக்குப் பாறை மோதிக் கீழே இறங்கி வந்தது.

உச்சியில் கேட். அதற்கு முன்னால் வண்டிகள் வந்து நிற்க ஒரு மைதானம். காற்று ஊசியாகக் குத்தியது. காக்கிச் சட்டைக்காரம்மா ஒருத்தி, “எல்லாரும் எஞ்சினை ஆஃப் பண்ணுங்க” என்று கத்திக்கொண்டே நடந்தாள். முப்பது வண்டியும் ஓய்ந்தன. பிரேக்கைப் பார்த்து முடிக்க நேரம் ஆனது. கைகால் விறைத்தது. ஹார்ன்காரர் சும்மா உட்கார மாட்டாமல் எல்லா விளக்கையும் போட்டு, பாட்டை அலறவிட்டு, நடுநடுவே ஹார்னும் அடித்துக்கொண்டிருந்தார்.

கேட் திறந்தது. “முதல் வண்டி!”

முதல் வண்டியிலிருந்து, எல்லோருக்கும் நன்றாகப் பழக்கமான ஒரு சத்தம் வந்தது.

“ஊ… ஊ…”

மறுபடியும். “ஊ…” பிறகு “டிக்.” பிறகு அதுவும் இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. பயம். கேட்டைத் தாண்டினால் சரிவு, தள்ளினால் பாதாளம். ஒரே வழி, அதன் வாயில் செத்த வண்டி. ஹார்ன்காரர் இறங்கி வந்தார். ஏழு ஹார்ன் இருந்த இடத்தில் ஒரு சின்னக் குரல்தான் மிஞ்சியிருந்தது.

“யாராவது… கேபிள் வச்சிருக்கீங்களா?”

மாப்பிள்ளை நீல லாரியை எழுப்பினான். ஒரு தொடுதல். அந்தச் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. ஓரமாக வளைந்து, எல்லா வண்டிகளையும் தாண்டி, முன்னால் போய் ஹார்ன்காரரின் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். இருக்கைக்கு அடியிலிருந்து கேபிளை உருவினான். சிவப்பைச் சிவப்பில் மாட்டினான். கறுப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வண்டியைச் சுற்றிப் பார்த்தான். எங்கே பார்த்தாலும் பளபளவென்று பெயின்ட்.

“அண்ணே, உங்க வண்டியில பெயின்ட் இல்லாத எடம் எங்க இருக்கு?”

“பெயின்ட் இல்லாத எடமா? என் வண்டியிலயா?”

“அதான் பிரச்சினையே.” எஞ்சினில் ஒரு வெறும் போல்ட்டைத் தேடிப் பிடித்துக் கவ்வினான். “திருப்புங்க.”

எடுத்துக்கொண்டது. மைதானத்தில் ஆரவாரம். ஹார்ன்காரர் பழக்கதோஷத்தில் ஹார்னுக்குக் கையைக் கொண்டுபோனார்.

“அண்ணே!” என்றான் மாப்பிள்ளை. “பேட்டரி!”

கையை எடுத்துக்கொண்டார். யார்டில் அவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு மாமா பக்கம் வந்தார். தலையைச் சொறிந்தார். “பெரியவரே, அன்னிக்கு ஏதோ வாய் தவறி… மாப்பிள்ளையைப் பத்தி…”

“வாய் தவறினா பரவால்ல,” என்றார் மாமா ஜன்னலிலிருந்து. “வண்டி தவறக்கூடாது. நாளைக்கு டீயோட சோப்பும் வாங்கி வைங்க.”

மைதானமே சிரித்தது. ஹார்ன்காரரும் சிரித்துவிட்டார். வேறு வழி?

கேப்டன் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நீல லாரி முன்னால் நிற்கிறது. வந்த ஓரத்திலேயே பின்னோக்கிப் போக முடியாது; அதைத் திருப்பி மறுபடி கடைசிக்கு அனுப்ப வேண்டுமானால் முப்பது வண்டி நகர வேண்டும். அவர் வண்டிகளைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். கையை வீசினார். போ, போ.

மாப்பிள்ளை இறங்கப் போனான். “மாமா, தலைவண்டி. நீங்க ஓட்டுங்க. கேட்டைத் தாண்டற வரைக்குமாவது.”

“இந்தக் காலை வச்சுக்கிட்டா? மானம் போகவா?” மாமா சீட்டில் சாய்ந்தார். “ஓட்டுங்க மாப்ளே. ஆனா அந்த ஹார்னை ஒரு தடவை அடிச்சுட்டுப் போங்க. நம்மளதும் ஹார்ன்தான்.”

ஒற்றை ஹார்ன். கொஞ்சம் கரகரப்பு. அடித்தான்.

கேட்டைத் தாண்டியதும் பாதை வளைந்து கீழே இறங்கியது. பனி ஒதுங்கிய ஈரச் சரிவு. தூரத்தில் அந்த ஊரின் முதல் புகைக்கூண்டு. பின்னால் முப்பது வண்டி. மாமா சாப்பாட்டு மூட்டையைப் பிரித்தார்.

“பசிக்குது மாமா,” என்றான் மாப்பிள்ளை. “எனக்கும் குடுங்க.”